பிள்ளைப்பேற்றுக்கு ஒரு விசா

என் அக்காவை அழைத்துக்கொள்ள மால்டா நாட்டுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. அங்கே ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆள் தேவைப்பட்டது. படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப் படுக்கவைக்க, குளிப்பாட்ட, ஊட்டிவிட, மலம் துடைக்க ஆள். அக்கா பத்தாவதோடு நின்று, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி ஒன்றை முடித்து, பம்பாயில் வடாலா பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஏஜென்ட் வந்து பேசினான். காகிதங்கள் போயின, காகிதங்கள் வந்தன, அக்கா விமானம் ஏறிவிட்டாள். இவள் திரும்பிப் போவாளா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பாதியில் வேலையை விட்டுத் திரும்பிவிடக் கூடாதே என்பதுதான் அவர்களுடைய கவலையாக இருந்திருக்கும்.

அம்மாவுக்கு விசா கேட்டபோதுதான் அந்த நாட்டுக்குக் கேள்விகள் முளைத்தன.

மால்டா என்றால் தாராவியில் எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. நடுக்கடலில் கிடக்கும் சின்னத் தீவு நாடு. காலையில் பஸ் ஏறினால் நாட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய், சாப்பிட்டு, மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்பார் அத்தான். அக்காவைக் கட்டியவர். பம்பாயிலேயே கோவண்டிப் பக்கத்துக்காரர். இப்போது மால்டாவிலேயே ஒரு ஓட்டல் சமையற்கட்டில் வேலை. நாடு சின்னதுதான். ஆனால் அது தருவது ஷெங்கன் விசா. அதை வாங்கிவிட்டால் ஐரோப்பாவில் பாதிக்கு மேல் கதவு திறந்த மாதிரி. அதனால் சின்ன வீட்டுக்குப் பெரிய பூட்டாகப் போட்டிருக்கிறார்கள்.

அக்காவுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. முதல் தடவை அம்மா சந்து முழுக்கச் சொன்னாள். தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள், ரேஷன் கடையில் சொன்னாள். மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. இரண்டாம் தடவை சொந்தக்காரர்களிடம் மட்டும் சொன்னாள். அதுவும் கலைந்தது. அக்காவுக்கு மருத்துவர்கள் ஏதோ காரணம் சொன்னார்கள். அம்மாவுக்கு அவர்கள் காரணம் தேவைப்படவில்லை. அவளுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: வாய் பட்டது, கண் பட்டது.

மூன்றாம் முறை அக்கா போனில் சொன்ன அன்று அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"ஏல, இந்தத் தடவ ஒரு வாயில இருந்தும் வெளிய வரக் கூடாது. பிள்ள பூமியில விழுந்து அழுத பொறவுதான் சொல்லணும். கேட்டுக்கிட்டியா?"

"சரிம்மா."

"சரிம்மா சரிம்மான்னு தலைய ஆட்டுவ. உங்கூட ஆபீஸ்ல டப்பா திங்கானே ஒரு பய, அவங்கிட்டயும் சொல்லக் கூடாது."

"அவனுக்கு எதுக்குமா இதெல்லாம்?"

"அவனுக்கு ஒரு பொண்டாட்டி இருக்கால்லா? அவளுக்கு ஒரு வாய் இருக்குல்லா?"

எங்கள் பக்கத்தில் தலைப்பிள்ளை பிறப்பது தாய் வீட்டில்தான். அக்காவால் வர முடியவில்லை. இரண்டு முறை கலைந்ததால் விமானத்தில் ஏறவே கூடாது என்று அங்குள்ள மருத்துவர் சொல்லிவிட்டார். அத்தானுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். அவள் மட்டும் ஒரு அறையில் கிடப்பாள். அம்மா ஒரு நாள் யோசித்தாள். மறுநாள் மிளகு, சுக்கு, திப்பிலி எல்லாம் வாங்கிவந்து பேறுகால மருந்துக்கு வறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அவ வரலைன்னா நான் போறேன். எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அடுப்பு மட்டும் வேடிக்கையாக எரியவில்லை.

அப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அப்பாவுக்கு அதுவும் வராது. நான் ஏழாவது வரை தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, பிறகு இங்கிலீஷுக்கு மாறி, தட்டுத் தடுமாறி பி.காம். முடித்து, செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஆகவே சந்தில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் வரும். லைட் பில், ஆதார், பாங்க் கடிதம், கோர்ட் நோட்டீஸ் எல்லாம் படித்துச் சொல்லியிருக்கிறேன். மால்டா கேட்ட காகிதங்களைப் படித்தபோது ஒன்று எனக்குப் புரிந்தது. அதை எழுதியவர்கள் என் அம்மாவைப் போல ஒரு ஆள் உலகத்தில் இருப்பாள் என்று நினைத்தே பார்த்ததில்லை.

வேலை செய்யும் நிறுவனத்தின் கடிதம் வேண்டும். அவர்கள் விடுப்பு கொடுத்ததாகக் கடிதம் வேண்டும். சம்பளச் சீட்டு வேண்டும். வருமான வரி கட்டிய தாள் வேண்டும். சொத்துப் பத்திரம் வேண்டும். அம்மா மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமைக்கிறாள். மாதச் சம்பளம் கையில் வருகிறது. அவளுக்கு எந்த நிறுவனம்? வருமான வரி கட்டுகிற அளவுக்குச் சம்பாதிக்காதது அவள் செய்த குற்றமா? சொத்து என்று கேட்டால் எங்களிடம் இருப்பது போட்டோ பாஸ். இந்தக் குடிசையில் இந்தக் குடும்பம் இத்தனை வருடமாக இருக்கிறது என்று அரசாங்கம் அப்பாவின் படத்தை ஒட்டிக் கொடுத்த அட்டை. எங்களுக்கு அதைவிடப் பெரிய பத்திரம் கிடையாது. அப்பா உயிரோடு இருந்தபோது மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே ஏறினால், அவர் முதலில் தூக்குவது எங்களை அல்ல, அதைத்தான்.

வேலைக் கடிதத்துக்காக நானும் அம்மாவுடன் மாட்டுங்கா போனேன். அந்த வீட்டு அம்மாவை எல்லோரும் மாமி என்றுதான் கூப்பிடுவார்கள். நல்லவர். தீபாவளிக்கு எனக்கும் சேர்த்துத் துணி எடுத்துத் தருபவர். அவருடைய பெண் அமெரிக்காவில் இருக்கிறாள். இரண்டு பிரசவத்துக்கும் மாமியே போய் ஆறு ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். அப்போதெல்லாம் இங்கே மாமாவுக்குச் சமைத்துப் போட்டது அம்மாதான்.

மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"திடீர்னு என்னடாப்பா வெளிநாடு? ஏதாவது விசேஷமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "விசேஷமும் இல்ல ஒண்ணும் இல்ல மாமி. மகளப் பாத்து வருசமாச்சு. கண்ணுலயே நிக்கா."

"கடிதம் எழுதறதுல ஒண்ணுமில்லை. ஆனா நாளைக்கே நீ அங்கேயே தங்கிட்டேன்னு வை, எங்க பேரைன்னா பிடிச்சு இழுப்பான்? மாமாவோட லெட்டர்ஹெட்ல வேற கேக்கறே."

எனக்குக் காது சூடாகிவிட்டது. பதினாறு வருடமாக அந்த வீட்டுச் சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. நகை பீரோ இருக்கும் அறையை அம்மாதான் பெருக்குகிறாள். அவள் மால்டாவில் ஒளிந்துகொள்வாளோ என்று மாமிக்குச் சந்தேகம். மாமி இரண்டு தடவை அமெரிக்கா போனபோது, இவர் திரும்புவாரா என்று நாங்கள் யாரும் சந்தேகப்படவில்லை.

அம்மா சிரித்தாள். "நான் அங்க தங்கிட்டா உங்களுக்கு மோர்க்குழம்பு யாரு மாமி வைப்பா?"

மாமியும் சிரித்துவிட்டார். கடிதம் கிடைத்தது. கோபம் எனக்கு மட்டும்தான் மிச்சம். கீழே இறங்கியதும், "நீ ஏன் பிரசவம்னு சொல்லல? அவங்களுக்குத் தெரியாதா அந்தக் கஷ்டம்?" என்று கேட்டேன்.

"பூமியில விழட்டும்ல" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

அடுத்து போட்டோ. விசா போட்டோவுக்கு அளவு உண்டு, பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், முகம் இத்தனை பங்கு தெரிய வேண்டும் என்றெல்லாம் நான் எழுதி எடுத்துப்போய் எங்கள் சந்து முனை ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்தேன். அவர் அளவெல்லாம் சரியாக எடுத்தார். ஆனால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்ததும் அவருடைய கை சும்மா இருக்கவில்லை. தாராவியில் எந்த ஸ்டூடியோவிலும் இது வழக்கம். கல்யாணத்துக்கு வரன் பார்க்கவோ ரேஷன் கார்டுக்கோ, எதற்கு எடுத்தாலும் நாலு சுற்று வெளுப்பு ஏற்றித்தான் தருவார்கள். அது அவர்கள் செய்யும் மரியாதை. அம்மாவின் கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்பு போயிற்று. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிற்று. நெற்றிச் சுருக்கமும் போயிற்று. அம்மாவுக்குப் பிடித்திருந்தது. "உங்க அக்கா கல்யாணத்துல கூட நான் இப்படி இல்ல" என்றாள்.

விசா விண்ணப்பம் வாங்கும் மையம் பாந்த்ரா பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. ஏசி குளிரில் அம்மா முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். போட்டோவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, யே ஆப் நஹி ஹோ." இது நீங்கள் இல்லையே என்கிறாள்.

"அரே, மைச் ஹை" என்றாள் அம்மா, பம்பாய் இந்தியில், நான்தான் என்று நெஞ்சில் கைவைத்து.

"எடிட் பண்ணின போட்டோ எடுக்க மாட்டோம். பக்கத்துலயே பூத் இருக்கு, எடுத்துட்டு வாங்க" என்றாள் இந்தியிலேயே.

பூத்தில் கேட்ட கட்டணத்துக்கு எங்கள் ஸ்டூடியோக்காரர் குடும்பப் படமே எடுத்துச் சட்டம் போட்டுத் தந்திருப்பார். வேறு வழியில்லை. அந்தப் படத்தில் அம்மா தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவள் மாதிரி இருந்தாள். அதுதான் அவளாம்.

போட்டோ பாஸின் நகலை அந்தப் பெண் இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தாள். "இது சொத்துக் காகிதம் இல்லை. வேறு இருக்கா?" இல்லை என்றேன். அவளுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஒரு பட்டியலில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். அக்காவின் மருத்துவர் கொடுத்த கடிதம், அத்தானும் அக்காவும் தங்கள் வீட்டில் தங்கவைத்து எல்லாச் செலவும் பார்த்துக்கொள்வதாகக் கையெழுத்திட்ட உறுதிமொழி, இன்ஷூரன்ஸ், போகவரப் பயணப் பதிவு என எல்லாவற்றையும் வரிசையாகக் கொடுத்தேன். என்ன காரணத்துக்காகப் போகிறார் என்பதை நானே இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மகளின் பிரசவத்துக்கு உதவ, நாற்பது நாள் மட்டும். முன்பு இரண்டு முறை இழந்திருக்கிறாள். தாய் அருகில் இருப்பது எங்கள் வழக்கம். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை எழுதும்போது கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதினேன், அம்மாவுக்காக.

விண்ணப்பத்தில் விண்ணப்பதாரரின் போன் நம்பர் என்று இருந்தது. விண்ணப்பதாரர் அம்மா. அம்மாவின் நம்பரை எழுதினேன்.

பிறகு காத்திருந்தோம். அக்காவுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தினமும் போனில், "வந்திருச்சா?" என்பாள். "வரும் ஏட்டி, வரும். நீ இடதுபக்கமாப் படு" என்பாள் அம்மா. பெட்டியில் மருந்துப் பொடி, பிள்ளையைத் துடைக்கப் பழைய வேட்டித் துணி, வசம்பு எல்லாம் ஏறிவிட்டன. பக்கத்து வீட்டுப் பெண்கள் பெட்டியைப் பார்த்துக் கேட்டபோது, ஊருக்குக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகப்போவதாக அம்மா கூசாமல் சொன்னாள்.

உறை ஒன்று வந்தது. பாஸ்போர்ட்டில் முத்திரை ஏதும் இல்லை. கூடவே ஒரு தாள். எல்லோருக்கும் ஒரே தாள்தான் போலிருக்கிறது. காரணங்களை வரிசையாக அச்சடித்து, பொருந்துவதற்கு முன்னால் ஒரு குறி மட்டும் போடுகிறார்கள். எங்களுக்குக் குறி விழுந்திருந்த இடத்தில், பயணத்தின் நோக்கம் பற்றி நீங்கள் கொடுத்த தகவல் நம்பத்தகுந்ததாக இல்லை என்று இருந்தது.

நான் அதை மூன்று தடவை படித்தேன். நம்பத்தகுந்ததாக இல்லையாம். மருத்துவர் கையெழுத்து இருக்கிறது, ஸ்கேன் இருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் படமே இருக்கிறது. அதுவும் அவர்கள் நாட்டு ஆஸ்பத்திரியில் அவர்கள் மெஷினில் எடுத்தது. இதற்கு மேல் எதைக் கொண்டுபோய்க் கொட்டுவது?

நான் கத்தினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கேட்டாள்:

"அந்த டில்லிக்காரி சொல்லித்தான் இப்படிப் பண்ணிட்டானுவளோ?"

"எந்த டில்லிக்காரி?"

"போன்ல ஒருத்தி கேட்டா. போன வாரம். மாமி வீட்டுல இட்லிக்கு அரைச்சிக்கிட்டு இருந்தேன். இந்தியில பேசுனா. நல்லா தேன் மாரி பேசுனா. ஒங்க மக மால்டாவுல இருக்காளான்னா. இருக்கான்னேன். அவ கெர்ப்பமா இருக்காளா, நீங்க பேறுகாலம் பாக்கப் போறீயளான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

"அம்மா."

"என்னல அம்மா? பேரு தெரியாது, மொகம் தெரியாது. எவளோ ஒருத்தி போனப் போட்டு பிள்ளத்தாச்சியப் பத்திக் கேக்கா. சொல்லிருவனா? எங்கயாவது போறீயளான்னு மறுபடியும் கேட்டா. நான் எங்கயும் போகலம்மா, என் பாட்டுக்கு வீட்டுல இருக்கேன்னு சொல்லி வச்சிட்டேன்."

அவளிடம் எப்படிக் கோபப்பட முடியும்? தன் சந்தில், தன் மாமியிடம், தன் சொந்தக்காரர்களிடம் சொல்லாததை ஒரு குரலிடம் சொல்வாளா? அந்தக் குரல் தான் டில்லியில் மால்டா தூதரகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னதாம். "அவ ஆயிரம் சொல்லுவா. பாங்குல இருந்து பேசுதோம்னு சொல்லி அந்த நாலாம் நம்பர் வீட்டுக்காரிகிட்ட ரூவாய உருவலையா?" என்றாள் அம்மா. அதிலும் ஒரு தப்பும் இல்லை. போனில் யார் கேட்டாலும் எதையும் சொல்லாதே என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்னவன் நான்தான்.

என் கோபம் அவர்கள் மேல்தான். ஒரு தாயிடம், சமைத்துக்கொண்டிருக்கிறவளிடம், திடீரென்று போன் போட்டு உன் மகள் வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். அவள் இல்லை என்றால் இல்லை என்று எழுதிக்கொள்கிறார்கள். ஏன் இல்லை என்றாள் என்று யோசிக்க அவர்களுக்கு ஒரு நிமிஷம் இல்லை. ஸ்கேன் படம் ஒரு பக்கம், ஒரு பெண்ணின் பயம் ஒரு பக்கம். பயத்தை எடுத்துக்கொண்டு படத்தைத் தள்ளிவிட்டார்கள்.

முறையீடு செய்யலாம் என்று தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. செய்தேன். எங்கள் வழக்கத்தை இங்கிலீஷில் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணேறு என்று எழுதினால் இவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்பான். பயம் என்று எழுதினால் எதற்குப் பயம் என்பான். ராத்திரியெல்லாம் எழுதி அடித்து, கடைசியில் நேராக எழுதினேன்: இரண்டு குழந்தைகளை இழந்த வீட்டில் மூன்றாவதைப் பற்றி வெளியாட்களிடம் பேசுவதில்லை, உங்கள் நாட்டிலும் இப்படிப் பேசாத தாய்மார்கள் இருப்பார்கள். முறையீடு கிடைத்தது, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. பரிசீலிக்க அவர்களுக்கு மாதங்கள் ஆகும். பிள்ளைக்கு அந்தப் பொறுமை இல்லை.

அக்காவுக்கு வலி எடுத்தபோது அத்தான் ஓட்டலில் இருந்தார். பக்கத்து அறை பிலிப்பைன்ஸ் பெண் டாக்சி பிடித்துக் கூட்டிப்போனாள். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "நான் இங்கதான் இருக்கேன் ஏட்டி, பல்லக் கடிக்காத, மூச்ச விடு, மூச்ச விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு போனை யாரோ வாங்கி அணைத்துவிட்டார்கள். அம்மா அணைந்த போனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஆண் பிள்ளை. அழுதான். அந்த அழுகையை அத்தான் பிறகு பதிந்து அனுப்பினார்.

அம்மா அதைக் கேட்ட கையோடு வாசலுக்குப் போய் நின்று, சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். குழாயடிக்குப் போய்ச் சொன்னாள். மாமியிடம் சொன்னாள். "அடிப்பாவி, எங்கிட்டகூடச் சொல்லலையே" என்று மாமி கோபித்துக்கொண்டு, பிறகு பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும் ஆறவில்லை. அம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன்: "அன்னைக்கு உண்மையச் சொல்லியிருந்தா நீ அவ பக்கத்துல இருந்திருப்ப இல்ல?"

"பிள்ள நல்லா இருக்குல்லா? நான் சொல்லல, அதான் இருக்கு" என்றாள்.

பிள்ளை பிறந்தாகிவிட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதால் மறுபடியும் விண்ணப்பித்தோம். பிறப்புச் சான்றிதழ் வைத்தோம். புது போட்டோ, புது இன்ஷூரன்ஸ், திரும்பவும் அந்தக் கண்ணாடிக் கட்டடம். இந்த முறை யார் கேட்டாலும் அம்மா எல்லாவற்றையும் சொல்லத் தயாராக இருந்தாள். யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது தாளில் குறி வேறு இடத்தில் விழுந்திருந்தது. விசா முடிவதற்குள் நீங்கள் எங்கள் நாட்டை விட்டுத் திரும்பிப் போவீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறதாம்.

கட்டடத்துக்கு வெளியே நடைபாதையில் நின்று அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன்.

"என்னத்துக்குச் சந்தேகம்?"

"நீ அங்கயே இருந்துருவியாம். விதவை. சொத்து இல்ல. அப்படித்தான் நினைப்பாங்க."

அம்மாவுக்குச் சாதாரணமாகக் கோபம் வராது. அன்று வந்தது. "நான் எதுக்குல அங்க இருக்கப் போறேன்? அந்தக் குளிருலயா? நம்ம சந்துல சர்வே நடக்கு. நம்பர் போட்டுட்டுப் போயிருக்கான். மறுபடி ஆளு வந்து எண்ணும்போது நான் இல்லன்னா ரூம்பு போச்சு. ஒங்கப்பன் சாவுற வரைக்கும் காத்த ரூம்பு. நாப்பது நாளு விட்டுட்டுப் போறதுக்கே எனக்குப் பயமா இருக்கு. இவனுக்கு என்ன தெரியும்?"

அவள் சொன்னது முழுக்க உண்மை. தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். ஒவ்வொரு கதவிலும் பெயின்ட்டில் நம்பர் இருக்கிறது. கணக்கெடுக்க வரும்போது ஆள் இல்லாவிட்டால் பெயர் விழாது என்ற பயத்தில் ஊரில் சாவு என்றால்கூட ஒருவர் போக ஒருவர் காவல் இருக்கிறார்கள். உலகத்திலேயே தன் வீட்டை விட்டு நகரப் பயப்படுகிற ஜனம் யாரென்றால் இன்றைக்கு எங்கள் ஜனம்தான். அந்தப் பத்தடி அறைக்காக என் அம்மா மால்டா என்ன, மாமியின் அமெரிக்காவையே கொடுத்தாலும் வேண்டாம் என்று ஓடி வருவாள். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? சொத்து என்ற கட்டத்தில் அந்தக் கவுன்ட்டர்ப் பெண் இதை எடுக்கவில்லை. எங்களுக்கு உயிராக இருப்பது அவர்களுடைய தாளில் காலி இடமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். மால்டாவில் அக்கா பார்த்துக்கொள்ளும் ஒரு பாட்டிக்கு அவள் ஊட்டினால்தான் சோறு இறங்குமாம். பாட்டியின் மகளும் மகனும் வேறு வேறு நாட்டில். அந்தக் குடும்பத்துக்கு ஒரு மகள் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த மகளுக்குப் பிள்ளை பிறக்கும்போது கையைப் பிடிக்க அவளுடைய தாயை நாற்பது நாள் விடச் சொன்னால் நம்பத்தகுந்ததாக இல்லை, சந்தேகமாக இருக்கிறது என்கிறார்கள். எங்கள் கைகள் வேண்டும். எங்கள் தாய் தகப்பன் வேண்டாம். இதை நியாயம் என்று சொல்லும் ஒரு ஆளை நான் நேரில் பார்க்க ஆசைப்படுகிறேன். இதுவரை குறி போட்ட தாளைத்தான் பார்த்திருக்கிறேன்.

அக்காவின் பேறுகால விடுப்பு முடிந்துகொண்டு வந்தது. இரண்டு பேருக்கும் ஷிப்ட். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் பகலில் மட்டும்தான் எடுக்கும். இரவு வேலை வேண்டாம் என்றால் வேலையே வேண்டாமா என்று கேட்பார்கள். வேலை போனால் அந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போய்விடும். கடைசியில் அக்கா ஒரு நாள் போனில் சொன்னாள், "அம்மா, நீ வர முடியலல்லா. நான் இவனக் கொண்டாந்து உங்கிட்ட விட்டுட்டுப் போறேன்." அம்மா "கொண்டா" என்றாள்.

வந்தாள். கையில் பிள்ளை. அம்மா அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். பேறுகால மருந்தை அக்காவுக்கு உருட்டி உருட்டிக் கொடுத்தாள், மாதங்கள் தள்ளிப்போயிருந்தும். வந்த சில நாட்களிலேயே போகும் நாளும் வந்துவிட்டது.

ஏர்போர்ட் வாசலில் டிக்கெட் இருப்பவர்களை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். துப்பாக்கி வைத்திருந்த காவலர் அக்காவின் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். எங்களைக் கையால் ஓரமாக ஒதுக்கினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளை அம்மாவின் தோளில் தூங்கிவிட்டான். அக்கா அவன் உள்ளங்காலை ஒரு தடவை தொட்டாள். முத்தம் கொடுத்தால் எழுந்துவிடுவான் என்று கொடுக்கவில்லை.

"போனதும் நாளைக்கே ட்யூட்டிம்மா" என்றாள், என்னைப் பார்க்காமல்.

அவளுடைய சுடிதாரின் மார்புப் பக்கம் நனைய ஆரம்பித்திருந்தது. துப்பட்டாவை இழுத்து மூடினாள். எனக்கு அந்த வாசலில் நின்று யாரிடமாவது கத்த வேண்டும் போல இருந்தது. காவலர் என்ன செய்வார் பாவம், அவர் டிக்கெட் பார்க்கிறவர்.

அம்மா குரலைத் தாழ்த்தி அக்காவிடம் சொன்னாள்:

"ஏட்டி, பால் கட்டிக்கிடும். பிளேன்ல பாத்ரூமுக்குப் போயிப் பீச்சி விட்டுரு. வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்துறாத, காய்ச்சல் வந்துரும்."

அக்கா தலையை ஆட்டினாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.